வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? முதலில் உறுதியைப் பாருங்கள்

வெளிநாட்டில் உழைத்த பணத்தில் வீடொன்றை வாங்கி வாடகைக்கு விடலாம் என்பது நம்மில் பலரது எண்ணம். எனக்கும் அப்படித்தான். முதல் தடவை விலையையும் வீட்டின் அழகையும் பார்த்தேன், உறுதியைப் பார்க்கவில்லை. முற்பணம் கொடுத்த பின்னரே அது அரச அளிப்புக் காணி என்பதும், அனுமதியின்றி விற்க முடியாது என்பதும் தெரிய வந்தது. கொடுத்ததில் பாதிதான் திரும்பி வந்தது.

அதில் கற்றவை இவை:

உறுதி: 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுத்தில் அமைய வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

பதிவு: உங்கள் சொந்த நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடுங்கள். ஈடு இருக்கிறதா, பிரிக்கப்படாத பங்கா என்பது அங்கேதான் தெரியும். வாங்கியதும் தாமதியாமல் பதியுங்கள்.

செலவு: முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 399,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம் வேறு.

வருமானம்: அந்த வீட்டுக்கு மாத வாடகை 50,000 என்று வையுங்கள். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் வருடத்துக்கு 5 இலட்சம். சோலை வரிக்கும் திருத்த வேலைக்கும் ஒரு இலட்சம் போனால் மிஞ்சுவது 4 இலட்சம். போட்ட பணத்தில் 4 வீதம்கூட இல்லை.

இந்தக் கணக்கை முற்பணம் கொடுக்கும் முன் போடுங்கள். உறுதியின் பிரதியைத் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.