சிறார்மீது பாலியல் கொடுமை: காரணம் தேடிய ஆய்வின் வரலாறு

1896 ஏப்ரலில் வியன்னா மருத்துவர் அவையில் சிக்மண்ட் ஃபிராய்டு 18 நோயாளிகளைக் குறித்துப் பேசினார். குழந்தைப் பருவத்தில் நேர்ந்த பாலியல் கொடுமையே அவர்களது நோயின் வேர் என்பது அவர் வாதம். அவையோர் ஏற்கவில்லை, மறு ஆண்டே அவரும் அதைக் கைவிட்டார். குழந்தை சொல்வதைக் கற்பனையெனத் தள்ளும் வழக்கம் அதன்பின் நெடுங்காலம் நிலைத்தது. கொடுமை இழைப்பவனை உந்துவது யாது என்று வினவியோர் சிலரே.

இழைப்பவன் அந்நியன் என்ற பொது நம்பிக்கை நம் நாட்டிலும் பொய்த்தது. சென்னையில் துளிர் அமைப்பு 2006இல் வெளியிட்ட ஆய்வில் 2,211 சிறாருள் 42 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். 2007இல் வெளிவந்த நடுவணரசின் ஆய்வு, இழைத்தோருள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானோர் அல்லது அதன் நம்பிக்கைக்குரியோர் எனக் கண்டது.

1984இல் அமெரிக்கச் சமூகவியலார் டேவிட் ஃபிங்கல்ஹோர் நான்கு படிகளைக் காட்டினார்: உந்துதல், மனத்தடை தளர்தல், புறத்தடை அகலுதல், குழந்தையின் எதிர்ப்பை வெல்லுதல். மூன்றாம் படியே சபையின் கைக்கு எட்டுவது. ஆலயச் சாவி யாரிடம், குழந்தையோடு தனித்திருப்பவர் யார் என்பன அதில் அடங்கும்.

காட்டுப்பாக்கத்தில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரிடையே இதைச் சொன்னபோது மூத்த சகோதரி ஒருவர், "சிறுவயதில் பாதிக்கப்பட்டவன்தானே ஐயா, பின்பு இதைச் செய்கிறான்?" என்றார். குற்றவாளிகளிடையே அத்தகைய கடந்தகாலம் மிகுதி என்பது மெய். ஆயின் பாதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. கேத்தி விடம் 908 சிறாரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பிற்காலப் பாலியல் குற்றத்தோடு தொடர்புற்றவை அடியும் புறக்கணிப்புமே; பாலியல் கொடுமைக்கு அத்தகைய தெளிவான தொடர்பு புலப்படவில்லை. வாய்திறவாமல் நம் ஆலயங்களில் அமர்ந்திருப்போரை இந்தப் பழமொழி எத்தனை காலம் வாட்டியதோ!

ஆயர்களை இன்னும் கலங்கச் செய்வது 1998இல் கனடாவில் ஹான்சனும் புசியேரும் 61 ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. மீண்டும் குற்றம் புரிவதை முன்னறிவிப்பவை குழந்தைகள்மேல் இச்சை, முந்திய குற்றங்கள், சிகிச்சையை இடையில் கைவிடல் போன்றவை. குற்றத்தை மறுத்தவனுக்கும் ஒப்புக்கொண்டவனுக்கும், குழந்தைக்காக இரங்கியவனுக்கும் இரங்காதவனுக்கும் இதில் வேறுபாடு மிகச் சிறிதே.

1990களின் இறுதியில் நான் உதவி ஆயராயிருந்த சபையொன்றில், கண்ணீரோடு முழந்தாளிட்ட ஒருவரை ஆறே மாதத்தில் சிறுவர் பாடற்குழுவுக்குத் திரும்ப அனுமதித்தோம். அத்தீர்மானத்தில் என் கையொப்பமும் உண்டு. அடுத்த ஆண்டு ஒரு தாய் என்னிடம் வந்தார்.

2012இன் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில், இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆயருக்கு விலக்கில்லை, தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரையும், தம் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவராயின் ஓராண்டு வரையும் சிறை உண்டு.