கவனக்குறைவுக்கு மூன்று நாள்: ஜாக்கிகளைத் தண்டிக்கும் கதை

பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடையானாலும் சரி, கிள்ளான் சந்தையோரத்து ஒட்டுக்கடையானாலும் சரி, குதிரைப் பந்தயத்தில் பணத்தை விட்டவர் வாயில் முதலில் வரும் சொல் ஒன்றுதான்: "ஜாக்கி இழுத்துப் பிடிச்சிட்டான்." அந்த ஜாக்கிக்கு இத்தனை நாள் தடை என்று பத்திரிகையின் பந்தயப் பக்க மூலையில் இரண்டு வரிச் செய்தி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன்" என்று மேசையைத் தட்டுவார். ஆனால் அந்த இரண்டு வரியைப் பொறுமையாகப் படித்தால் பெரும்பாலும் வேறு விஷயம் இருக்கும். தண்டனை ஏமாற்றியதற்காக அல்ல, கவனக்குறைவாக ஓட்டியதற்காக!

இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இழுத்துப் பிடிப்பவன் தோற்பதற்காக ஓட்டுகிறான். கவனக்குறைவாக ஓட்டுபவனோ ஜெயிக்கும் அவசரத்தில் அடுத்தவன் பாதையில் குதிரையைத் திருப்பிவிடுகிறான். முன்னவன் செய்வது மோசடி. பின்னவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அபாயகரமாக ஓட்டுவதற்கு 42ஆவது பிரிவு, கவனமின்றி ஓட்டுவதற்கு 43ஆவது பிரிவு என்று தனித்தனியே இருக்கின்றன. 43இல் மாட்டியவரை யாரும் கொள்ளைக்காரர் என்று சொல்வதில்லை. பந்தயத் திடலிலும் அப்படியே. கவனக்குறைவு என்பது குற்றப் படிக்கட்டின் கீழ்ப்படி. முரட்டுத்தனம், வேண்டுமென்றே இடையூறு செய்தல் ஆகியவை அதற்கு மேலே.

கெட்ட எண்ணமே இல்லை என்றால் தண்டனை எதற்கு? குதிரையின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் கிடைக்கும். பந்தயக் குதிரை மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். அதன் எடை சுமார் 500 கிலோ. மேலே இருப்பவர் ஐம்பது சொச்சம் கிலோ எடையுள்ள மனிதர். அவர் சேணத்தில் உட்கார்ந்துகூட இல்லை, வளையங்களில் கால் விரல்களை ஊன்றிக் குனிந்து நிற்கிறார். ஒரு குதிரையைக் கடந்து அதன் முன்னால் உட்புற வேலியை நோக்கித் திரும்ப வேண்டுமானால் இரண்டு குதிரை நீளமாவது இடைவெளி வேண்டும் என்பது பந்தய உலகில் பழகிப்போன அளவு. இரண்டு குதிரை நீளம் என்பது ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த வேகத்தில் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கண் இமைக்கும் நேரம் என்று சும்மா சொல்வோமே, இங்கே அது உண்மையான கணக்கு. அந்த நேரத்தில் பின்னால் வரும் குதிரையின் முன்கால், முன்னால் ஓடும் குதிரையின் பின்குளம்பில் தட்டினால் போதும். குதிரை விழும், ஆள் விழுவார், பின்னால் வரும் பத்துக் குதிரைகளும் அவர்மேல்தான் வந்தாக வேண்டும்.

இந்தக் குற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான ஜாக்கி கிளப் முதலில் கவலைப்பட்டது மோசடியைப் பற்றித்தான். 1791 அக்டோபர் 20ஆம் நாள் வேல்ஸ் இளவரசரின் எஸ்கேப் என்ற குதிரை, எல்லோரும் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த பந்தயத்தில் கடைசியாக வந்தது. மறுநாளே அதே குதிரை, அதே ஜாக்கி சாம் சிஃப்னியுடன் ஓடி ஜெயித்தது. முதல் நாள் வேண்டுமென்றே தோற்றுவிட்டு மறுநாள் கூடுதல் விலைக்குப் பணம் கட்டினார்கள் என்று ஊர் பேசியது. சிஃப்னி இனி ஓட்டினால் உங்கள் குதிரைகளுக்கு எதிராக யாரும் குதிரை விடமாட்டார்கள் என்று சர் சார்லஸ் பன்பரி இளவரசருக்கே சொல்லியனுப்பினார். இளவரசர் ஜாக்கியைக் கைவிடவில்லை, நியூமார்க்கெட்டைக் கைவிட்டார். சிஃப்னி குற்றவாளியா என்பதில் இன்றுவரை கருத்து ஒற்றுமை இல்லை. அன்று கையில் இருந்தது சந்தேகம் மட்டுமே. சாட்சியாக ஒரு படம்கூடக் கிடையாது.

அந்த விதிகள் வெள்ளைக்காரர்களோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்தன. சிங்கப்பூரில் 1842இலும், பினாங்கில் 1864இலும், பேராக்கில் 1886இலும் பந்தயக் கிளப்புகள் தோன்றின. சிலாங்கூர் டர்ஃப் கிளப் 1896இல் வந்தது. அதன் திடல் அம்பாங் சாலையில் இருந்தது. இன்று இரட்டைக் கோபுரமும் அதன் பூங்காவும் பரந்து கிடக்கும் 100 ஏக்கர் நிலம்தான் அது. 1990களின் தொடக்கத்தில் பந்தயம் சுங்கை பீசிக்கு இடம் மாறியது. கோபுரத்தடியில் படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுப்பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் நிற்பது ஒரு குதிரைத் திடலின் மேல் என்று?

அதே 1896இல் நடந்த இன்னொரு காரியம் அதைவிட முக்கியமானது. கிளப்புகள் சேர்ந்து நீரிணைப் பந்தயச் சங்கத்தை அமைத்தன. அதுவே 1961இல் மலாயன் பந்தயச் சங்கம் ஆனது. ஒரே விதி, ஒரே அதிகாரம். கோலாலம்பூரில் தடை வாங்கிய ஜாக்கி, மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த வாரம் ஈப்போவில் போய் ஓட்டிவிட முடியாது. குதிரைகளும் மனிதர்களும் ரயிலேறி ஊர் ஊராகப் பந்தயத்துக்குப் போன காலம் அது. அந்த ரயில்களை ஓட்டியவர்களிலும் தண்டவாளத்தைக் காத்தவர்களிலும் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் குடியிருப்புத் தமிழர்கள் ஏராளம். லாயங்களில் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, புல் போட்டு, விடியற்காலையில் நடத்திக்கொண்டு போனவர்களில் தென்னிந்தியரும் பாவியான் தீவினரும் இருந்தார்கள். ஒரு குதிரை காலொடிந்து விழுந்தால் முதலாளிக்குப் பணம் போகும். குதிரைக்காரருக்கோ மாதக்கணக்கில் பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்ட ஜீவன் போகும். அவர் பெயர் எந்த விசாரணை ஏட்டிலும் ஏறியதில்லை.

விசாரிப்பவர்கள் ஸ்டூவர்டுகள் எனப்படும் பந்தய நடுவர்கள். ஆரம்பத்தில் இவர்கள் கோபுரத்தில் ஏறித் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பார்த்த கனவான்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு குதிரைகளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதை மாற்றியது கேமராதான். 1940களில் அமெரிக்கத் திடல்களில் பந்தயம் முழுவதையும் படம் பிடிக்கும் வழக்கம் வந்தது. 1960களில் இங்கிலாந்திலும் பரவியது. அதிலும் நேர் எதிரிலிருந்து எடுக்கும் படம்தான் ஜாக்கிகளின் தலையெழுத்தை மாற்றியது. யார் நேர்க்கோட்டில் வந்தார், யார் விலகினார் என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும். குதிரை தானாகச் சாய்ந்ததா, ஜாக்கி சாட்டையைக் கீழே போட்டுக் கடிவாளத்தை இழுத்து நேராக்கப் பார்த்தாரா, அல்லது சாயச் சாய அடித்து விரட்டினாரா என்பதும் தெரியும். குற்றமா இல்லையா என்ற முடிவு பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தொங்குகிறது.

விசாரணை அறையில் இரண்டு கேள்விகள் உண்டு. இதைத்தான் பந்தயம் கட்டுகிறவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். குதிரையின் இடத்தை மாற்றுவதா என்பது ஒரு கேள்வி. ஜாக்கியைத் தண்டிப்பதா என்பது வேறு கேள்வி. குதிரை முதல் பரிசை வைத்துக்கொள்ள, அதை ஓட்டியவர் தடை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதும் நடக்கும். இடையூறு நடக்காவிட்டாலும் பாதிக்கப்பட்ட குதிரை முந்தியிருக்காது என்றால் முடிவை மாற்ற வேண்டாம் என்பது ஒரு முறை. ஜப்பான் 2013இலும் பிரான்ஸ் 2018இலும் இந்த முறைக்கு வந்தன. அமெரிக்கா வரவில்லை. அதன் விலையை 2019 கெண்டக்கி டெர்பியில் உலகமே பார்த்தது. முதலில் வந்த மாக்ஸிமம் செக்யூரிட்டி கடைசி வளைவில் வெளிப்பக்கம் விலகி மற்றக் குதிரைகளைத் தடுத்தது என்று சொல்லி, இருபது நிமிடத்துக்கு மேல் படத்தைப் பார்த்துவிட்டு அதைக் கீழிறக்கினார்கள். ஒன்றுக்கு 65 என்ற விலையில் இருந்த கன்ட்ரி ஹவுஸ் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஜாக்கி லூயிஸ் சாயெஸுக்கு 15 நாள் தடை. டோக்கியோவிலோ பாரிஸிலோ ஓடியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கவும் கூடும்.

ஆனால் பரிசும் பணமும் அல்ல இதில் பெரிய விஷயம். 1994 செப்டம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தின் ஹெக்ஸம் திடலில் ஒரு சாதாரணத் தடைதாண்டும் பந்தயம் நடந்தது. கடைசி வளைவை நெருங்கும்போது ஏட்ரியன் மகுவாயர், மிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இரண்டு முன்னணி ஜாக்கிகள் உட்பக்கமாக ஒதுங்கினார்கள். உள்ளே வந்துகொண்டிருந்த குதிரைக்கு வழி அடைபட்டது. அது மிரண்டு விலகி, பின்னால் வந்த பீட்டர் கால்டுவெல்லின் குதிரைக்குக் குறுக்கே பாய்ந்தது. கால்டுவெல் தூக்கியெறியப்பட்டுப் படுகாயமடைந்தார். நடுவர்கள் விசாரித்தார்கள். கவனக்குறைவு என்று தீர்ப்பு. இருவருக்கும் ஆளுக்கு மூன்று நாள் தடை!

கால்டுவெல் நீதிமன்றம் போனார். நடுவர்களே கவனக்குறைவு என்று சொல்லிவிட்ட பிறகு நஷ்டஈடு கிடைக்காமல் போகுமா என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிடைக்கவில்லை. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. பந்தயத்தின் பரபரப்பில் நொடி நேரம் கவனம் பிசகுவது அந்த விளையாட்டிலேயே கலந்திருக்கிறது. அடுத்தவர் உயிரைத் துச்சமாக மதித்ததற்கு ஒப்பான நடத்தை இருந்தாலொழிய சட்டப்படி கடமை தவறியதாக நிரூபிப்பது கடினம். விளையாட்டு விதியை மீறியது மட்டும் போதாது என்பதே அதன் சாரம். மலேசிய நீதிமன்றங்களை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் வழி வந்த நாடு என்பதால் நம் வழக்கறிஞர்கள் இதை எடுத்துக் காட்டலாம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1973இல் செக்ரெட்டேரியட் என்ற குதிரையை ஓட்டி பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்த ரான் டர்காட், 1978 ஜூலை 13இல் அதே பெல்மான்ட் திடலில் இன்னொரு குதிரையோடு ஏற்பட்ட உரசலில் விழுந்தார். அதன் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. அந்தக் குதிரையை ஓட்டிய ஜாக்கிமீது வழக்குப் போட்டார். 1986இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆபத்தைத் தெரிந்தே இறங்கியவர் அவர் என்றது.

ஆக, நீதிமன்றக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. ஒரு ஜாக்கியின் உடம்புக்கு இன்னொரு ஜாக்கியிடமிருந்து இருக்கும் காவல் நடுவர் அறை ஒன்றுதான். அங்கே விதிக்கும் தடை கூலியையும் பரிசுப் பங்கையும் நிறுத்துகிறது. ஓட்டாத நாளில் ஜாக்கிக்கு வருமானம் கிடையாது. மூன்று நாள் என்பது கேலிக்கூத்து என்று ஹெக்ஸம் கதையைக் கேட்டவர் சொல்லலாம். விழுந்தவரின் காயத்தை வைத்து அளந்தால் அது நியாயமான கோபம்தான். ஆனால் தவற்றை வைத்து அளக்க வேண்டும் என்றால், அதே தவறு நூறு தடவை செய்யப்பட்டு தொண்ணூற்றொன்பது தடவை யாரும் விழாமல் தப்பியிருப்பார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பதையும் விடாமல் தண்டிப்பதுதான் நூறாவதைத் தடுக்கும். யாரும் விழாத பந்தயத்துக்குத் தடை போட்டால் "அநியாயம்" என்று கத்துபவர்கள் இதை யோசிப்பதில்லை.

சென்னை கிண்டியின் கதையும் இதைத் தொட்டுச் செல்கிறது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974இல் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்த வழக்கில் 1996 ஜனவரி 12ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் அல்ல, திறமையை நம்பிய விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. அந்தத் திறமையில் ஜாக்கியின் திறமையும் அடக்கம். திறமைக்குப் பெயர் வாங்கிக்கொண்டவர், அது பிசகும்போது கேள்வி கேட்கப்படுவதையும் ஏற்கத்தான் வேண்டும்.

நான்கு திடல்களையும் ஒரே கயிற்றில் கட்டிய அந்த 1896ஆம் ஆண்டு ஏற்பாடு பிறகு அவிழத் தொடங்கியது. சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடியது. பினாங்கில் 2025 மே 31இல் ஓடியது. ஈப்போவும் சுங்கை பீசியும் எஞ்சின. திடல் குறைந்தால் பந்தய நாளும் குறையும். பந்தய நாள் கணக்கில் விதிக்கப்படும் தடை, நாட்காட்டியில் முன்னைவிட நீளமாகும். நாலு ஊரில் ஓடிய காலத்தில் ஒரு வாரத்தோடு போன தண்டனை, இரண்டு ஊரில் மட்டும் ஓடும்போது பல வாரம் இழுக்கும். தவறு அதேதான், விதியும் அதேதான். ஜாக்கி வீட்டில் உலை வைக்காத நாட்கள்தான் கூடிப்போகும்.