சிற்றலை வானொலிப் பெட்டியும் எமது வரலாறும்

எங்கள் கொள்ளுப்பிட்டி வீட்டு அலுமாரியின் மேற்றட்டிலே, கைப்பிடியுடன் கூடிய பழைய றான்சிஸ்ரர் வானொலிப் பெட்டி ஒன்று பல ஆண்டுகளாகத் துயில்கொண்டிருந்தது. சென்ற விடுமுறையில் அதனை இறக்கித் துடைத்தபோது, "அதை எறிஞ்சு போடாதை மோனை, ஒரு காலத்திலை அதுதான் எங்களுக்குப் பேப்பர்" என்றார் அம்மம்மா. அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. பழம்பொருள் சேர்ப்போர் இத்தகைய பெட்டிகளை அழகுக்காகத் தேடுவர். ஆனால் அவை அழகுப் பொருள்கள் மட்டுமல்ல, வரலாற்றின் சாட்சிகளுமாகும்.

சிற்றலையின் சிறப்பு யாது? வானின் உயரத்திலே மின்னேற்றம் பெற்ற மண்டலம் ஒன்றுண்டு. சிற்றலை அதிற்பட்டுத் திரும்பிப் புவிக்கு வரும். ஆகையால் கடல்களையும் கண்டங்களையும் கடந்து செல்லும். அவ்வலையைப் பிடிக்கும் கருவியைக் கையிலே தூக்கிச் செல்லவும் மனிதன் விரும்பினான். 1942இல் அமெரிக்காவின் செனித் நிறுவனம் வெளியிட்ட 'றான்ஸ் ஓசியானிக்' இவ்வகையிற் புகழ்பெற்றது. அது வால்வுகளால் இயங்கியது. பாரமான உலர் பற்றறிகளும் அதற்குத் தேவைப்பட்டன. 1947இல் றான்சிஸ்ரர் கண்டுபிடிக்கப்பட்டபின் நிலைமை மாறிற்று. 1957இல் றான்ஸ் ஓசியானிக்கும் றான்சிஸ்ரர் வடிவம் பெற்றது. சிறிய பற்றறிகளே போதுமென்றாகவே, மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கும் வானொலி சென்றது.

கேட்கும் கருவி இருந்தாற் போதுமா? சொல்லும் நிலையமும் வேண்டுமன்றோ! அவ்வகையில் எமது கொழும்பு மாநகர் பேறு பெற்றதாகும். இங்கு 1925 டிசம்பர் 16ஆந் திகதி முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்த நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பிலே 'றேடியோ சீக்' நிறுவப்பட்டது. அதன் வலிமை மிக்க சிற்றலைக் கருவிகள் பின்னர் இலங்கை அரசுக்குக் கிடைத்தன. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிற்று. போருக்கென வந்த கருவி பாட்டுக்கென உழைத்தது! 1952இல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கியபோது, பாரத நாட்டு நேயர்கள் கொழும்பை நாடினர். அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரல் தமிழகத்து வீடுகளில் வீட்டுக் குரலாயிற்று.

கொழும்பில் வாழும் எம்மவருட் பலருக்கு வேர் யாழ்ப்பாணத்திலே. அங்கே இப்பெட்டிக்கு வேறொரு கடமை நேர்ந்தது. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மக்கள் சோர்ந்துவிடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். எங்கள் மாமா சுழற்றுவாராம். அயலவர்கள் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசையைக் கேட்பார்களாம். கை தளர்ந்தாற் குரலுந் தளரும். உறவினர் இருந்த ஊரின் பெயர் செய்தியில் வரும் வேளையிற் குரல் மங்கினால், "சுத்தடா, சுத்தடா" என்று எல்லோரும் பதறுவார்கள் என அம்மம்மா சொன்னபோது, அவர் கண்கள் கலங்கின. 1941இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆந் திகதியுடன் ஓய்ந்தது.

இத்தகைய பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். முதலிற் பழைய பற்றறிகளை அகற்றுங்கள். அவை கசிந்து உலோகத் தகடுகளை அரித்துவிடும். பச்சை படிந்த தகட்டைத் துடைத்துச் சுத்தஞ் செய்யுங்கள். ஒலி கரகரத்தால் திருகிகளைப் பலமுறை திருப்பிப் பாருங்கள். இரவு வேளையில், தொலைபேசி மின்னேற்றிகளையும் எல்.ஈ.டி. விளக்குகளையும் அணைத்துவிட்டு, யன்னலோரம் வைத்து முள்ளை மெல்ல நகர்த்துங்கள். சிற்றலை இன்னும் முற்றாக மௌனித்துவிடவில்லை. எங்கள் பெட்டியில் முதலிற் கேட்டது சீன வானொலி. மொழி புரியாவிடினும் அம்மம்மா புன்னகை பூத்தார்.

இளைஞர்களே! பெட்டியைத் திருத்துவோர் இன்னும் உளர். உதிரிப் பாகங்களும் தேடினாற் கிடைக்கும். ஆனால் அதன் முன் அமர்ந்து கேட்டவர்களின் நினைவு மறைந்தால், அதை மீட்கும் கடை எந்த வீதியிலும் இல்லை. ஆகவே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எம் முதியோரிடஞ் செல்லுங்கள். எந்த ஆண்டில், எந்த நிலையத்தில், எந்தச் செய்தியைக் கேட்டார்கள் என்று வினவி எழுதுங்கள். அத்தாளை அப்பெட்டியினுள்ளே வைத்துப் பேணுங்கள். நாங்கள் அவ்வாறே செய்துள்ளோம்.