காட்டும் அட்டையிலிருந்து காட்டாத சான்றுக்கு: கல்முனைக் கரையோரத்தில் அடையாளம் கடந்து வந்த பாதை

87561 என்று தொடங்கும் பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 87 என்பது பிறந்த ஆண்டு. 561 இலிருந்து 500ஐக் கழித்தால் 61 மிஞ்சும். அந்த 500 பெண் என்பதற்கான குறி. மிஞ்சிய 61 ஆண்டின் 61ஆம் நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணுவதே இங்கு வழக்கம் என்பதால் அது மார்ச் 1. ஆக, முதல் ஐந்து இலக்கங்களே இவர் 1987 மார்ச் 1இல் பிறந்த பெண் என்று சொல்லிவிடுகின்றன. கல்முனையில் போட்டோ கொப்பி எடுக்கும் எந்தக் கடையிலும் இதை வாசித்துவிடலாம்.

இணையத்தில் பாதுகாப்பாக உள்நுழைவதற்கான மின்னியல் அடையாளம் பற்றி இலங்கை பேசிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், அடையாளம் என்பது இக்கரையோரத்தில் எவ்வெவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் அட்டை சொல்லும் செய்தி கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இனி வரும் மாற்றம் அதைக் குறைப்பதாக அமைய வேண்டும் என்பதே கட்டுரையின் வாதம்.

ஆளை அறிந்தவர் சொல்

அட்டைக்கு முன்னரும் அடையாளம் இருந்தது. அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஒருவரை ‘எந்தக் குடி, எந்தப் பள்ளிவாசல், யாருடைய வீடு’ என்று கேட்டு அறிந்தனர். குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வந்தது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர்மார் அமர்ந்தனர். அரசுக்கு ஆளை அடையாளம் காட்டியவர் விதானையார். 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்த பின்னரும் ஊரார் வாயில் ‘விதானை’ நிலைத்தது.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இல் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கியபோது, புதிய முறை பழையதன் மேலேயே எழுந்தது. விண்ணப்பத்தை உறுதிப்படுத்தியவர் கிராம சேவகர். பிறப்புச் சான்றிதழ் ஒருபுறமிருக்க, ‘இவரை எனக்குத் தெரியும்’ என்ற அவரது கையொப்பமே அட்டையின் வேர். அட்டையை வெளியிட்டது தலைநகரின் ஆட்பதிவுத் திணைக்களம்.

போர்க் காலத்தில் அட்டையின் பொருள் மாறியது. சோதனைச் சாவடியில் அது இல்லாமல் நகர முடியவில்லை. கிழக்கின் அட்டைகளில் சிங்களத்துடன் தமிழும் இருந்தது. தெற்கில் வசித்த தமிழ் பேசுவோருக்குக் கிடைத்ததோ சிங்களம் மட்டும். 2014இலிருந்துதான் நாடெங்கும் இரு மொழியும் வந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அட்டையின் இன்னொரு பலவீனத்தைக் காட்டியது. 10,000க்கும் மேற்பட்டோரை இழந்து, நாட்டிலேயே பேரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக் கரையில் தப்பியவர் பலருக்குக் கட்டிய உடுப்பே மிச்சம். அட்டை போனது, அதைப் பெறக் காட்ட வேண்டிய பிறப்புச் சான்றிதழும் போனது. அப்போது மீண்டும் கைகொடுத்தது ஆளை அறிந்தவர் சொல்தான்.

இலக்கம் நீண்டது

2016 ஜனவரியில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய முறை பன்னிரண்டு இலக்கமாயிற்று. வாக்குரிமையைக் குறித்த ‘வி’ எழுத்து மறைந்தது. பிறந்த ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்தது. ஆனால் பிறந்த நாளும் பாலினமும் இலக்கத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம் அட்டை பெறும் வயதை 15 ஆக்கியதோடு, உடல்சார் அடையாளத் தரவுகளுக்கும் வழி திறந்தது. 2017 அக்டோபரில் பட்டைக்குறியுடன் வந்த புதிய அட்டையில் பெயர் ஆங்கிலத்திலும் ஏறியது.

இக்கரையில் அது சிறிய மாற்றமன்று. ‘முகம்மது’ என்ற ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். விதானையாருக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர்.

கைபேசிக்குள் அடையாளம்

சாதாரண மக்கள் பலர் மின்னியல் அடையாளத்தை முதன்முதலில் கையில் தொட்டது எரிபொருள் தட்டுப்பாட்டு வரிசையில். 2022 ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதிக்கு அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிந்தால் கைபேசிக்கு ஒரு கியூஆர் குறி வந்தது. பலர் அதை ‘கொமியூனிகேஷன்’ கடையில் அச்சிட்டு, லேமினேட் செய்து, மோட்டார் சைக்கிள் சாவியோடு கோத்து வைத்துக்கொண்டனர். மின்னியலாகப் பிறந்த சான்று இப்படி மறுபடியும் அட்டையாயிற்று.

அதே ஆண்டு மார்ச்சில் இந்திய நன்கொடையில் தனித்துவ மின்னியல் அடையாளத் திட்டத்துக்கான உடன்படிக்கை கையொப்பமானது. 2023 ஆகஸ்டில் 45 கோடி இந்திய ரூபாய் கையளிக்கப்பட்டது. உடன்படிக்கை கையொப்பமான அதே மாதத்தில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது.

வெளியுலகின் பாடங்கள்

குறைவாகச் சொல்லும் அடையாளம் புதிய கனவன்று. மைக்ரோசாஃப்ட் 2006இல் ‘கார்ட்ஸ்பேஸ்’ என்ற முறையை விண்டோஸுடன் கொண்டுவந்தது. திரையில் அட்டைகள் அடுக்காகத் தெரியும். இந்தத் தளத்துக்கு எந்த அட்டை, அதில் எந்த விவரம் என்று பயனரே தெரிவுசெய்வார். தளங்கள் போதிய அளவில் ஏற்காததால் 2011இல் கைவிடப்பட்டது. எஸ்டோனியா 2002இலேயே அட்டைக்குள் சிப்பையும் மறைச்சாவியையும் வைத்தது. 2017இல் அட்டைகளின் சிப்பில் குறை கண்டுபிடிக்கப்பட்டபோது ஏறக்குறைய 7,50,000 அட்டைகள் பாதிக்கப்பட்டன. சான்றிதழ்களை நிறுத்திவைத்துப் புதுப்பித்தார்கள். இந்தியாவின் ஆதார் இலக்கம் எதையும் வெளியிடாத தற்செயல் எண். உண்மையான எண்ணைக் கொடுக்காமல் பயன்படுத்த 2018இல் 16 இலக்க மெய்நிகர் எண்ணும் வந்தது.

இக்கரையோரத்தாரில் பலருக்கு இவற்றைவிட நெருக்கமானது வளைகுடா. சவூதியில் அரசு இணையத்தளம் ஒன்றுக்குள் நுழைய ‘நஃபாத்’ செயலி வேண்டும். கணினித் திரையில் ஈரிலக்க எண் ஒன்று தோன்றும்; கைபேசியில் காட்டப்படும் எண்களில் அதையே தொட்டு, முகத்தையோ விரலையோ காட்டினால் கதவு திறக்கும். கடவுச்சொல்லை இன்னொருவருக்குச் சொல்லவேண்டியதில்லை. ரியாத்தில் அதைப் பழகியவர் ஊர் வந்ததும் அடையாள அட்டையின் போட்டோ கொப்பியோடு வரிசையில் நிற்கிறார்.

இவ்வகை உள்நுழைவில் பொதுவாக உள்ளே நடப்பது இதுதான்: கைபேசியில் ஒரு மறைச்சாவி இருக்கும், அது வெளியே போவதில்லை. தளம் ஒரு புதிர் எண்ணை அனுப்பும், கைபேசி அதில் கையொப்பமிட்டுத் திருப்பும், தளம் பொதுச்சாவியால் சரிபார்க்கும். இதே முறையை நீட்டினால் ‘இவர் 18 வயதைக் கடந்தவர்’ என்பதை மட்டும், பிறந்த நாளைச் சொல்லாமலேயே உறுதிப்படுத்தலாம்.

கரையோரத்தின் கேள்விகள்

மறைச்சாவி கடையின் கவுண்டரில் நிற்கும் பிரச்சினையைத் தானாகத் தீர்க்காது. இணையப் படிவங்களை நிரப்புவது பெரும்பாலும் கொமியூனிகேஷன் கடைத் தம்பிதான். ஓடிபி வந்ததும் ‘ராத்தா, நம்பரச் சொல்லுங்க’ என்பார். ராத்தாவும் உரக்கச் சொல்வார். மின்னஞ்சலைத் தொடங்குபவரும் அவரே, கடவுச்சொல்லை நினைவில் வைத்திருப்பவரும் அவரே. நம்பிக்கையால் இயங்கும் ஏற்பாடு இது. விதானையாரின் கையொப்பம் இருந்த இடத்தில் இப்போது கடைத் தம்பியின் விரல். ஒரு வேறுபாடு உண்டு: விதானையாருக்குச் சட்டப் பொறுப்பு இருந்தது, தம்பிக்கு இல்லை. ஒருவருக்காக இன்னொருவர் உதவுவதை முறையாக அனுமதித்து, எதற்கு, எவ்வளவு நேரம் என்று வரம்பிடும் ஏற்பாட்டைத் திட்டமே தர வேண்டும்.

முகவரியும் அப்படித்தான். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வது இக்கரையின் வழக்கம். நிந்தவூர்ப் பையன் சாய்ந்தமருதில் மணமுடித்தால் கிராம சேவகர் பிரிவு மாறுவது அவனுக்கே. பெண் பிறந்த முகவரியிலேயே இருப்பாள். மணத்தால் இடம் மாறுபவர் பெண்தான் என்று எண்ணி வரையப்படும் படிவம் இங்கே பாதிப்பேருக்குப் பொருந்தாது.

முடிவுரை

குடியைக் கேட்டு ஆளை அறிந்த காலத்தில் தெரிந்தவர்கள் மட்டுமே அறிந்தார்கள். அட்டை வந்தபின் அறியாதவரும் அறிந்தார்கள். இலக்கமே பிறந்த நாளைச் சொன்னது. புதிய முறை எவ்வளவு நவீனமானது என்பதைச் சிப்பைக் கொண்டு அளக்க வேண்டியதில்லை. மருதமுனைத் தறிக்காரி ஒருத்தி கடையில் நின்று தன் கொடுப்பனவு வந்துவிட்டதா என்று பார்க்கும்போது, பக்கத்தில் நிற்பவருக்கு அவளது வயதும் இலக்கமும் ஓடிபியும் தெரியாமல் போகட்டும். அன்றுதான் 1972 அட்டையை விட்டு உண்மையில் முன்னேறியிருப்போம்.