அடங்கலில் ஏறாத யானை

கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலமெல்லாம் என் கையில் அதிகம் புரண்டது கிராமக் கணக்கு எண் 2, அதாவது அடங்கல். ஒவ்வொரு பசலியிலும் எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, கிணற்றுப் பாசனமா மானாவாரியா என்று எழுதுவோம். புறம்போக்கில் நிற்கும் புளிக்கும் பனைக்கும் 2சி என்று தனிக் கணக்கே உண்டு. ராத்திரியில் அந்தப் புலத்தைக் கடந்துபோகும் யானைக்கு மட்டும் எதிலும் இடமில்லை. வரி வசூலுக்காகப் பிறந்த கணக்கு அது. யானை கிஸ்தி கட்டாது.

தடாகம் பள்ளத்தாக்கின் கதை எனக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. கோவையிலிருந்து ஆனைகட்டி போகிற சாலை, ஒதுங்கி நிற்கும் மலைகள், இடையில் செம்மண் பூமி. சோளம், நிலக்கடலை, கிணறு உள்ளவர்களுக்கு வாழை. மழை பொய்த்து, வேலைக்கு ஆளும் கிடைக்காமல் போனபோது பயிரைவிட மண்ணுக்கு நல்ல விலை வந்தது. நிலத்தை விற்க வேண்டியதில்லை, மண்ணை மட்டும் லோடு கணக்கில் கொடுக்கலாம், பட்டா விவசாயி பேரிலேயே இருக்கும். கோவை வளர்ந்த வேகத்துக்குச் செங்கல் போதவில்லை. சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை என்று ஊராட்சி ஊராட்சியாகச் சூளைகள் பெருகின. உரிமம் இல்லையென்று 2021 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் மூட உத்தரவிட்டபோது அவை 180-க்கு மேல் இருந்தன. அத்தனையும் ஒருநாளில் முளைத்தவை அல்ல. மண் எடுத்த புலங்கள் அடங்கலில் 'தரிசு' என்றுதான் ஏறியிருக்கும், வேறு என்ன எழுத முடியும்?

சூளைக்கு மண் மட்டும் போதாது, விறகு வேண்டும். லாரி லாரியாகப் பனைமரம் வந்து இறங்கியது. பனைத்தண்டின் உள்சோறு யானைக்குப் பிரியமான தீனி. மலையடிவாரத்தில் அதை அடுக்கி வைத்துவிட்டு, யானை ஊருக்குள் வருகிறது என்று புகார் சொன்னோம். மண் எடுத்த குழிகளின் விஷயம் இன்னும் விநோதம். யானை வராமலிருக்க வனத்துறை காட்டோரம் அகழி வெட்டும். செங்குத்தான பள்ளத்தில் யானையால் இறங்கி ஏற முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம். இங்கே யாரும் திட்டமிடாமலே பட்டா நிலத்துக்குள் அப்படிப்பட்ட பள்ளங்கள் உண்டாயின. வழக்கமான தடம் அடைபட்டால் யானை திரும்பிப் போய்விடாது, பக்கத்துத் தோட்டத்து வழியாகச் சுற்றிப் போகும். 2018 டிசம்பரில் விநாயகன் என்ற யானையைப் பிடித்து முதுமலைக்கும், 2019 ஜனவரியில் சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்து டாப்சிலிப் பக்கமும் கொண்டுபோய் விட்டார்கள். சின்னத்தம்பி நடந்தே உடுமலை வரை வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் கூண்டில் அடைத்தார்கள். எல்லாப் பத்திரிகைகளும் யானையின் குணத்தைப் பற்றி எழுதின. அது நடந்த தடத்தில் என்ன வெட்டப்பட்டிருந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

சட்டம் சும்மா இருந்ததென்று சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளை விட்டுவிட்டது. அதற்குத் தோதாக நிலத்தைத் துண்டு போடுகிற சாமர்த்தியம் நாடெங்கும் வந்தது. தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சிறு குவாரிக்கும் முன் அனுமதி வேண்டும் என்றது. மறு ஆண்டே செங்கல் மண்ணையும் சாதாரண மண்ணையும் மத்திய அமைச்சகம் பி2 வகையில் வைத்தது. 2 மீட்டருக்கு மேல் தோண்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் பி2 என்றால் விரிவான ஆய்வும் கிடையாது, ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பதும் கிடையாது. சாலை, ரயில் பாதை வேலைக்கு எடுக்கும் மண்ணுக்கு 2020-இல் கொடுத்த விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது.

ஆக, அடங்கலில் இல்லாத, உயிரினங்களுக்கான கட்டம் குவாரி அனுமதிப் படிவங்களில் வந்துவிட்டது. அதை நிரப்புகிற விதத்தில்தான் எனக்குச் சண்டை. எங்கள் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டில் கிராவல் எடுக்க மனுப் போட்டிருக்கிறார்கள். முதல் அட்டவணை உயிரினம் எதுவும் இல்லை என்கிறது அதனோடு வைத்த அறிக்கை. நான் அந்த வரப்பில் நின்று படித்தபோது மயில் அகவிக்கொண்டிருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருப்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பகலில், காரில் வந்து இறங்கிப் பார்த்தால் அங்கே வேலிமுள்ளும் சரளையும்தான் தெரியும். அந்தச் சரளையிலேயே கூடு கட்டாமல் முட்டையிடுவது ஆள்காட்டி. நிறம் கல்லோடு கல்லாகக் கலந்துவிடும். அங்கே ஆடு மேய்க்கிற அம்மா, "ஏனுங்க மணியாரரே, பாத்துக் கால் வைங்க, ஆக்காட்டி முட்டை வெச்சிருக்குதுங்க" என்று என்னைத் தடுத்தார். பக்கிப் பறவை இருட்டிய பிறகுதான் கிளம்பும், முயலும் அப்படித்தான். தோண்டினால் எல்லாமே போய்விடும் என்றும் நான் சொல்லவில்லை. கைவிட்ட குவாரிச் சுவரில் பஞ்சுருட்டான் பொந்து குடையும், கொம்பன் ஆந்தை குடியேறும். எது போகிறது, எது வருகிறது என்று எழுதுவதுதான் மதிப்பீடு.

ஆட்சேப மனுவில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன். ஆள்காட்டி அடைகாக்கும் பங்குனி, சித்திரையிலும், மழை பெய்த பிறகும், இரவிலும் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். குழியின் ஒரு பக்கமாவது விலங்கு ஏறிவரும் சரிவாக இருக்க வேண்டும். ஓடைக்கரையை ஒட்டிய புல எண்ணை அனுமதியிலிருந்து எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் ராத்திரி நடமாட்டமெல்லாம் ஓடைவழிதான். ஆடு மேய்க்கிற அம்மாவின் வாக்குமூலத்தையும், அவர் கைநாட்டோடு, இணைத்திருக்கிறேன். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது வந்திருக்கிறது.