மூன்றாம் ரிச்சர்டைத் துரத்திய ஆவிகள்

ரோஜர் கார்மன் 1962இல் எடுத்த ‘டவர் ஆஃப் லண்டன்’ படத்தில் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டுக்கு நிம்மதியே கிடையாது. அவன் கொன்றவர்கள் ஒவ்வொருவராக ஆவியாய் வருகிறார்கள், பேசுகிறார்கள். கடைசியில் போர்க்களத்திலும் விடுவதில்லை. ரிச்சர்டாக நடித்தவர் வின்சென்ட் பிரைஸ். இதே தலைப்பில் 1939இல் வந்த படத்தில், மதுப் பீப்பாயில் மூழ்கிச் சாகும் கிளாரன்ஸ் பிரபு அவர்தான். போர்க் காட்சிகளைக்கூட அந்தப் பழைய படத்திலிருந்தே எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். பிரைஸின் நடுங்கும் குரலும் மிரண்ட கண்களும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வரலாறு படிப்பவனாக எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படம் முழுக்கக் கொன்றவனின் வேதனையாகவே ஓடுகிறது. செத்துப்போன அண்ணன் பிள்ளைகள் இருவரும் அவனை மிரட்டுவதற்கு மட்டும் வந்து போகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1483 ஏப்ரல் 9 அன்று ரிச்சர்டின் அண்ணன், மன்னர் நான்காம் எட்வர்டு இறந்தபோது மூத்த மகன் ஐந்தாம் எட்வர்டுக்கு 12 வயது, இளையவனுக்கு 9. காப்பாளர் சித்தப்பா ரிச்சர்டு. முடிசூட்டும்வரை தங்குவதற்கென்று மூத்தவனை லண்டன் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தம்பியையும் தாயிடமிருந்து வாங்கி அங்கே சேர்த்தார்கள். அவர்களுடைய பெற்றோரின் திருமணமே செல்லாது என்று அறிவித்துவிட்டு, ஜூலை 6 அன்று சித்தப்பா முடிசூடிக்கொண்டான். கோட்டைத் தோட்டத்தில் இருவரும் அம்பெய்து விளையாடியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அப்போது லண்டனிலிருந்த இத்தாலியர் டொமினிக் மான்சினி, அவர்கள் உள்ளறைகளுக்கு மாற்றப்பட்டதையும், கம்பிகளுக்குப் பின்னால் நாளுக்கு நாள் அரிதாகத் தென்பட்டதையும், பிறகு தென்படாமலே போனதையும் எழுதிவைத்திருக்கிறார். மூத்தவனுக்கு மருத்துவம் பார்த்த அர்ஜென்டைன் சொன்னதையும் அவரே பதிவுசெய்கிறார்: சாவு நிச்சயம் என்று நம்பி, அந்தப் பையன் தினமும் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தானாம். பன்னிரண்டு வயதில் அவன் கேட்க என்ன பாவம் இருந்திருக்கும்!

ரிச்சர்டு மனம் உறுத்தி நடுங்கினான் என்பதற்கு என்ன ஆதாரம்? 1485 ஆகஸ்ட் 22, அவன் வீழ்ந்த பாஸ்வொர்த் போர். முந்தைய இரவு பேய்க்கூட்டம் சூழ்ந்ததுபோலக் கண்டதாக அவனே காலையில் சொன்னான் என்று கிரவ்லாண்டு மடத்து வரலாறு குறிக்கிறது. அந்தப் பேய்களுக்குப் பெயர் இல்லை. அவனை வென்ற ஏழாம் ஹென்றியின் ஆதரவில் எழுதிய பாலிடோர் வெர்ஜில், அது கனவல்ல, மனச்சாட்சி என்று விளக்கம் சேர்த்தார். ஷேக்ஸ்பியர் அவற்றைப் பதினோரு ஆவிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் செத்தவர் பெயரைச் சூட்டினார். ஓர் இரவின் கெட்ட கனவு, கார்மன் கையில் ஆட்சிக்காலம் முழுவதும் நீண்டுவிட்டது.

அவன் வாழ்வில் துக்கம் இருந்தது உண்மை. 1484இல் ஒரே வாரிசான மகன் இறந்தான். அடுத்த மார்ச்சில் மனைவி ஆன். அவனுடைய ஜெபப் புத்தகத்தில், துன்பத்திலிருந்து விடுவிக்கக் கோரும் நீண்ட ஜெபம் ஒன்று அவன் பெயரிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் குற்ற ஒப்புதலாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையையும் மனைவியையும் பறிகொடுத்தவனின் ஜெபமாகவும் அதைப் படிக்கலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது.

2012இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியிலிருந்து அவன் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. மண்டையோட்டில் மட்டும் ஒன்பது காயங்கள். சண்டையிட்டே செத்தான் என்பதை எதிரிகளும் அன்றே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2015இல் லெஸ்டர் பேராலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

பிள்ளைகளுக்கு அந்த நியாயம் இன்னும் கிடைக்கவில்லை. 1674இல் லண்டன் கோட்டைப் படிக்கட்டைத் தோண்டியபோது குழந்தை எலும்புகள் கிடைத்தன. அந்தப் பிள்ளைகளுடையவை என்று கருதி, மன்னர் இரண்டாம் சார்லஸ் உத்தரவால் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஒரு பேழைக்குள் அவை வைக்கப்பட்டன. 1933இல் ஒருமுறை திறந்து பார்த்தார்கள். வயது பொருந்துகிறது என்றார்கள். ஆணா பெண்ணா என்றுகூட அன்று தெரிந்துகொள்ள முடியவில்லை. இன்று முடியும். ஒப்பிட்டுப் பார்க்கச் சித்தப்பாவின் மரபணுவே கையில் இருக்கிறது. அந்தப் பேழையை மறுபடி திறக்க வேண்டும்.