போர்க்காலத்தில் ஒரு கோயில்

ஆவூர் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்காவும் பெரியநாயகி மாதா தேரும்தான். புஷே சாமியார் அங்கே முதல் கோயிலை எழுப்பியது 1697-ல். இன்று நாம் பார்க்கும் பெரிய கோயில் 1747-ல் கட்டப்பட்டது. கட்டி நாலே வருஷத்தில் திருச்சியைச் சுற்றிப் போர் மூண்டது. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம். புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்று தானியம் அனுப்பினார். அதாவது, போருக்குப் பக்கத்துச் சீமையில் நின்ற கோயில் இது.

இதை நினைக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வரும். ஊருக்குள் படை வந்துவிட்டால் கோயில் என்னவாகும்?

கட்டடப் பொறியாளன் கண்ணால் பார்த்தால் பதில் சுலபம். தடித்த சுவர், உயரமான கூரை, குறுக்குச் சுவரில்லாத நீண்ட கூடம், கட்டிலோடு ஆளைத் தூக்கிப் போக அகலமான வாசல், தூரத்திலிருந்தே தெரியும் கோபுரம். ஒரு சின்ன ஊரில் நூற்றுக்கணக்கான பேரைப் படுக்க வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அதே தடித்த சுவர் வெடிமருந்துக்கும் பொருத்தம்தானே! 1782-ல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபோது, கெரிக்கே என்ற ஜெர்மன் மிஷனரியின் கோயில் வெடிமருந்துக் கிடங்காகவே மாற்றப்பட்டது.

இதற்கு நேர்மாறாக நடந்தது இத்தாலியில், காஸ்திலியோனே என்ற சிறிய ஊரில். 1859 ஜூன் 24 அன்று பக்கத்தில் சோல்பெரினோவில் பிரெஞ்சு - சார்டீனியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் மோதின. ஒரே நாளில் சுமார் 40,000 பேர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். வண்டி வண்டியாகக் காயம்பட்டவர்கள் ஊருக்குள் வந்து குவிந்தார்கள். டாக்டர்களோ விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஊரின் பெரிய கோயிலில் மட்டும் சுமார் 500 பேரை வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள்.

வியாபார விஷயமாகப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தியைப் பார்க்க வந்திருந்த ஹென்றி டுனாண்ட் என்ற ஜெனீவாக்காரர், வந்த வேலையை விட்டுவிட்டு அந்தக் கோயிலுக்குள் புகுந்தார். ஊர்ப் பெண்கள் தண்ணீரும் துணியும் சுமந்து வந்தார்கள். நம்மவனா எதிரியா என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லாரும் சகோதரர்கள்தானே என்பதே அவர்கள் சொன்ன நியாயம். டுனாண்ட் இதை 1862-ல் புத்தகமாக எழுதினார். அடுத்த வருஷமே செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தானது. 1901-ல் முதல் அமைதி நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

அந்த நியாயம் பிறகும் சோதிக்கப்பட்டது. 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டியில் ஆங்கோவில் என்ற கிராமத்துக் கோயிலில் ராபர்ட் ரைட், கென்னத் மூர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ உதவியாளர்கள், வயது இருபதை ஒட்டிய பையன்கள், சுமார் 80 பேருக்குச் சிகிச்சை செய்தார்கள். அமெரிக்கர், ஜெர்மானியர் இருவரும் அதில் உண்டு. ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. ஊர் பலமுறை கைமாறியும் அந்த நிபந்தனை மாறவில்லை. ரத்தக்கறை படிந்த பெஞ்சுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அந்தக் கோயில், காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த கொஸ்மாஸ், தமியான் என்ற சகோதரப் புனிதர்களின் பெயரில் உள்ளது என்பது எவ்வளவு பொருத்தம்!

கடலூரிலும் சுவர்தான், காஸ்திலியோனேயிலும் சுவர்தான். வாசலில் நின்றவர்கள்தான் வேறு. 2015-ல் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில், ஒப்பந்தங்கள் எல்லாம் இருந்தும், ஒரு மருத்துவமனை மீதே விமானத் தாக்குதல் நடந்தது. காகிதத்தில் இருக்கும் விதியைக் காப்பாற்ற, வாசலில் நின்று "துப்பாக்கியை வெளியே வை" என்று சொல்ல ஒரு ஆள் எப்போதும் வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, அடுத்த ஈஸ்டருக்கு ஆவூர் போனால், தேரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி விடாதீர்கள். கோயிலுக்குள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.